கோடைக்காலப் புழைக்கடை
(தளவாய்புரம் சுற்று வட்டாரக் குடியானவர்களுக்கு)

பங்குனி பிறந்து விட்டால் இராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் தாலுகாக்களில் வெயில் ஏறத் தொடங்கும். சித்திரை, வைகாசி மாதங்களில் அதன் கடுமை சொல்லுந் தரமன்று. இப்பகுதிக்கு வருஷத்திற் கிடைக்கும் மழையிற் பெரும் பங்கு ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் வடகிழக்குப் பருவக் காற்றினால் வருவதாகும். அம்மழையால் கண்மாய்களிலும், தேவதானத்திற்கு மேற்கேயுள்ள சாஸ்தா கோயில் நீர்த்தேக்கத்திலும், கிணறுகளிலும் சேர்ந்த தண்ணீரைக் கொண்டே கோடையைத் தாண்ட வேண்டும். ஆகவே சித்திரையில் ஒருவர் தமது புழைக்கடையில் ஊற்றும் ஒவ்வொரு குடம் தண்ணீரும், தென்னைக்கோ, மாட்டுக்கோ, அண்டை வீட்டாரின் குடிநீருக்கோ சேர வேண்டிய தண்ணீரிலிருந்து எடுக்கப்பட்டதேயாகும்.

இக்காரணம் பற்றிப் பலர் கோடையில் புழைக்கடையை அடியோடு கைவிட்டு விடுகின்றனர். முட்செடிகளும் குப்பையும் நிறைந்து அவ்விடம் பாம்புக்கும் தேளுக்கும் இருப்பிடமாகி விடுகிறது. காய்கறியின் விலை ஏறும் மாதங்களில் வீட்டார் அதனைக் கடையில் வாங்க நேரிடுகிறது. பகலெல்லாம் வயலிலும் தறியிலும், இவ்வூர் பேர் பெற்ற ஆயத்த ஆடைத் தையலிலும் உழைத்தவர்கள், மாலையில் காற்று வாங்க உட்கார ஓரிடமின்றித் தகரக் கூரையின் கீழ் வெந்து கிடக்கின்றனர். சொற்பத் தண்ணீரில் இத்தோட்டத்தைக் காப்பாற்றி, அதன் ஓரத்திலேயே மாலை வேளையில் அடுப்பு மூட்டிக் கிழங்கும் கதிரும் சுட்டு உண்டு இளைப்பாறும் வழியை இங்குக் கூறுவோம்.

தண்ணீர்க் கணக்கு

எதையும் நடுமுன் கணக்குப் பார்ப்பது நலம். ஒரு சதுர மீட்டர் நிலத்தில் ஒரு மில்லிமீட்டர் உயரம் நிற்கும் தண்ணீர் ஒரு லிட்டராகும். ஒரு சென்ட் நிலம் ஏறக்குறைய 40 சதுர மீட்டர். கோடையில் நிலம் முழுவதும் பாத்தி கட்டி நனைக்கப்பட்ட காய்கறித் தோட்டத்திற்கு நாளொன்றுக்கு 5 மில்லிமீட்டர் தேவையென்று வைத்துக்கொண்டால், ஒரு சென்டுக்கு 200 லிட்டர் வேண்டியிருக்கும். ஐந்து பேர் உள்ள குடும்பத்தில் குளிப்பதற்கும் பாத்திரம் கழுவுவதற்கும் 15 லிட்டர் வாளியில் பத்து வாளி செலவாகுமானால் அது 150 லிட்டர். இத்தண்ணீர் பல வீடுகளில் தெருச் சாக்கடையில் சேர்ந்து கொசுவை வளர்ப்பதற்கே பயன்படுகிறது. எனவே தோட்டத்தின் தேவையை 200 லிட்டரிலிருந்து குறைப்பது ஒன்று, வீட்டின் கழிவு நீரைத் தோட்டத்திற்குத் திருப்புவது மற்றொன்று. இவ்விரண்டையும் செய்தால் குடிநீர்க் குழாயிலிருந்து ஒரு சொட்டும் எடாமலே ஒரு சென்ட் தோட்டத்தை வளர்க்கலாம்.

கழிவு நீரை நேராகச் செடிக்கு விடலாகாது. மூன்றடி நீளமுள்ள ஒரு குழியிற் செங்கற் சல்லியும் மணலும் நிரப்பி, அதன் வழியே நீரைச் செலுத்தி, ஓரத்தில் கல்வாழையும் சேம்பும் நட்டு, அதன் பின்னரே வாழைக்கும் தென்னைக்கும் முருங்கைக்கும் பாய விட வேண்டும். துணி சலவை செய்த காரநீரைக் கரிசல் மண்ணில் விடுவது தகாது. அம்மண்ணில் இயல்பாகவே காரத் தன்மை மிகுதி. பச்சையாக உண்ணும் கீரைகளுக்குக் கழிவு நீர் எவ்வகையிலும் ஆகாது. அவற்றிற்குக் கிணற்று நீரே வேண்டும். அதைச் சிக்கனமாய்ச் செலவிடும் உபாயம் பின்வருமாறு.

பானைப் பாசனம்

குயவர் சுட்ட, மெருகிடாத மட்பானையைக் கழுத்தளவு மண்ணிற் புதைத்து நீர் நிரப்பினால், பானையின் நுண்துளைகள் வழியே நீர் மெல்லக் கசிந்து வேர்களைச் சேரும். மண் காய்ந்தால் அதிகமாகவும், ஈரமாயிருந்தால் குறைவாகவும் கசிவது இதன் சிறப்பு. இம்முறை புதியதன்று. கி.மு. முதல் நூற்றாண்டைச் சேர்ந்த சீன விவசாய நூலொன்றில் இது சொல்லப்பட்டுள்ளது. நம் தேசத்தில் கர்னால் நகரிலுள்ள மத்திய உவர் மண் ஆராய்ச்சி நிலையத்தார் 1970-களில் இதனைச் சோதித்து, சிறிது உவர்ப்பான நீரைக் கொண்டும் காய்கறி பயிரிடலாமென்று கண்டனர்.

எட்டு முதல் பத்து லிட்டர் கொள்ளும் பானையே போதும். வாங்குமுன் நீர் நிரப்பி ஒரு நாள் வைத்துப் பார்க்க வேண்டும். வெளிப்புறம் ஈரம் பூத்தால் அது நல்ல பானை. ஈரமே காணாவிடில் அது கசியாது. ஒழுகுமாயின் அதுவும் உதவாது. வர்ணம் பூசிய பானையைத் தள்ளி விடுக. ஒன்றரை அடி ஆழக் குழி வெட்டி, எடுத்த மண்ணுடன் மக்கிய தொழுவுரம் கலந்து, பானையை வைத்து, கழுத்து ஓரங்குலம் வெளியே தெரியும்படி மண்ணை அணைக்க வேண்டும். சுற்றிலும் அரையடி தூரத்தில் நான்கு முதல் ஆறு செடிகள் நடலாம். வேர் பானையைத் தேடிச் சேரும் வரையில் முதற் பத்து நாட்கள் செடிக்குக் கையால் நீர் விடுதல் அவசியம். இதனைச் செய்யாதவர்களே பானை முறை பலிக்கவில்லை என்று குறை கூறுகின்றனர்.

பானையின் வாயை ஓட்டினாலோ சிரட்டையாலோ எப்போதும் மூடி வைக்க வேண்டும். திறந்திருந்தால் வெயிலில் நீர் வற்றுவதோடு, டெங்குக் காய்ச்சலைப் பரப்பும் கொசுவும் அதில் முட்டையிடும். இரண்டொரு பருவங்களுக்குப் பின் நுண்துளைகள் அடைபடும். அப்போது பானையை எடுத்து ஊறவைத்துத் தேங்காய் நாரினால் தேய்த்துக் கழுவினால் மறுபடியும் உபயோகமாகும். உவர் நீர் விட்டவர்கள், மண்ணின் மேற் பூத்த உப்பை மழை கழுவும்படி வரப்பை மழைக்காலத்தில் திறந்து விட வேண்டும்.

ஒரு சென்டுக்கு இருபது பானைகள் புதைத்து, மூன்று நாட்களுக்கு ஒருமுறை ஒவ்வொன்றிலும் 8 லிட்டர் ஊற்றினால் ஆகும் செலவு 160 லிட்டர். நாளொன்றுக்கு 53 லிட்டர். பாத்தி முறையைக் காட்டிலும் செடிகளின் எண்ணிக்கை குறைவே. ஆயினும் வீட்டுக் குழம்புக்கு வேண்டிய காய் கிடைக்கும் என்பதில் ஐயமில்லை.

மூடாக்கு

வெறும் மண்ணை வெயிலுக்குக் காட்டுதல், பால் பானையைத் திறந்து வைத்துப் பூனையைக் காவல் வைப்பது போன்றதாகும். நிலக்கடலைத் தோல், கரும்புத் தோகை, மக்காச்சோளத் தட்டை, தென்னோலை ஆகிய எதையேனும் மூன்றங்குல கனம் பரப்ப வேண்டும். தென்னை, மா இவற்றின் பாத்தியில் தேங்காய் உரிமட்டைகளைக் குழிந்த புறம் மேலாக அடுக்கி மண்ணிட்டு மூடினால், அவை நீரை உறிஞ்சி வைத்துக்கொண்டு சிறிது சிறிதாகக் கொடுக்கும். செடியின் தண்டை ஒட்டி மூடாக்கு இடலாகாது. கறையான் ஏறும். தினந்தோறும் மேலாகத் தெளிப்பதைவிட, மூன்று நாட்களுக்கு ஒருமுறை மாலையில் ஆழ நனைப்பதே வேருக்கு நன்மை.

நடத்தக்கவை

சீனியவரை, வெண்டை, கத்தரி, தண்டுக்கீரை இவை கோடையைத் தாங்கும். தண்டுக்கீரை ஒரு மாதத்திலும், சீனியவரை இரண்டு மாதத்திற்குள்ளும் பலன் தரத் தொடங்கும். பீர்க்கு, புடல், பாகல் முதலிய கொடிகள் அதிக நீர் கேட்பவை. அவற்றை ஒரேயொரு பந்தல் மட்டும் குளிக்கும் இடத்தின் அருகே போட்டால், காயும் நிழலும் ஒருங்கே கிடைக்கும். மேற்கு வேலியில் அகத்தியும் முருங்கையும் வைத்தால் அவை மாலை வெயிலையும் மேல் காற்றையும் தடுக்கும். பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரியார் 1989-இல் வெளியிட்ட பி.கே.எம். 1 முருங்கையை விதை மூலம் வளர்த்து ஆறேழு மாதங்களிற் காய் பறிக்கலாம். பிரண்டை, தூதுவளை, கற்றாழை இவை வேலியோரத்திற் கேட்பாரின்றியே வளரும்.

திறந்தவெளி அடுப்பு

தோட்டம் தயாரான பின், அதை அனுபவிக்கவும் வேண்டுமன்றோ? கோடை மாலையில் வீட்டினுள் அடுப்பெரிப்பது பெண்டிருக்குப் பெருந் துன்பம். முற்றத்தில் நிலவொளியிற் கூடி உண்பது நம்மவர்க்குப் பழைய வழக்கமே. கரீபியன் தீவுகளின் பழங்குடிகள் பச்சைக் கம்புகளாற் பரண் கட்டி அதன் கீழ்த் தணலிட்டு இறைச்சி வாட்டியதைக் கண்ட ஸ்பானியர் அதனைப் பார்பகோவா என்றனர். அதிலிருந்து வந்த பார்பிக்யூ என்னும் பெயருடன் இன்று பட்டணங்களில் விலை மிகுந்த இரும்படுப்புகள் விற்கப்படுகின்றன. நமக்கு அவை தேவையில்லை.

இரண்டடி நீளம், ஓரடி அகலம், முக்காலடி ஆழத்தில் குழி வெட்டி, இருபுறமும் செங்கல் அடுக்கி, மேலே இரும்புக் கம்பித் தட்டை வைத்தால் அடுப்பு முடிந்தது. துத்தநாகம் பூசிய வேலி வலையை உபயோகிக்கலாகாது. சூட்டில் அதிலிருந்து கெட்ட புகை எழும். எரிபொருளாகத் தேங்காய்ச் சிரட்டையும், சீமைக் கருவேல் கரியும் சிறந்தவை. 1877-ஆம் ஆண்டளவில் நம் தேசத்திற் புகுந்து இன்று கண்மாய்களையே மூடிவிட்ட அம்மரத்திற்கு இதைக் காட்டிலும் தக்க கதி வேறில்லை. மண்ணெண்ணெயோ பாலிதீன் பையோ இட்டுத் தீ மூட்டக் கூடாது. கம்பியிற் கோப்பதற்குப் பதிலாகக் குச்சியை உபயோகிப்பவர்கள் அரளிக் குச்சியை ஒருபோதும் தொடலாகாது. அதன் எல்லாப் பாகமும் நஞ்சு.

சுவாலை அடங்கிக் கரியின் மேல் வெண்சாம்பல் பூத்த பின்னரே சுடத் தொடங்க வேண்டும். மக்காச்சோளக் கதிரைத் தோலுடன் அரைமணி நேரம் நீரில் ஊறவைத்துச் சுட்டால் கருகாமல் வேகும். சர்க்கரைவள்ளிக் கிழங்கைச் சாம்பலிற் புதைத்தால் முக்கால் மணியில் பக்குவமாகும். கத்தரிக்காயின் மேல் எண்ணெய் தடவிச் சுட்டு, தோலுரித்து, சின்ன வெங்காயமும் பச்சை மிளகாயும் புளியும் சேர்த்துப் பிசைந்தால் கேப்பைக் களிக்கும் கம்பஞ் சோற்றுக்கும் அருமையான துணை. பச்சை நிலக்கடலை கிடைக்கும் காலமாயின் செடியுடன் வாட்டி உண்ணலாம். கோழியிறைச்சி சுடுபவர்கள் சிறு துண்டுகளாக்கி, மஞ்சளும் மிளகாயும் உப்பும் தடவி, எலும்பருகே சிவப்பு நீர் கசியாத வரையில் வேகவிட வேண்டும். இறுதியில் மலையடிவாரத் தோப்புகளின் மாம்பழமும் நுங்கும் இருக்கவே இருக்கின்றன.

எஞ்சிய சாம்பலில் சாம்பற் சத்து உண்டு. அதைச் செம்மண் நிலத்தில் வாழைக்கும் கத்தரிக்கும் சிறிதளவு இடலாம். கரிசலில் அதிகம் இடலாகாது. அம்மோனியம் சல்பேட்டுடன் கலந்தால் தழைச்சத்து ஆவியாய்ப் போய்விடும்.

தீயைப் பற்றிய எச்சரிக்கை

இன்பமாய் மூட்டிய தீ ஓர் ஊரையே அழிக்க வல்லது. அடுப்பு, வைக்கோற் படப்பிலிருந்தும் ஓலைக் கூரையிலிருந்தும் குறைந்தது ஐம்பதடி விலகியிருக்க வேண்டும். கொடிப் பந்தலின் கீழும், காய்ந்த மூடாக்கின் அருகிலும் அடுப்பு வைத்தல் பெரும் பிழை. அடுப்பைச் சுற்றி ஆறடிக்கு வெறும் மண்ணாய்ச் செதுக்கி விடுக. மேல் காற்று வீசும் நாளில் அடுப்பையே மூட்ட வேண்டா. ஒரு குடம் தண்ணீரும் ஒரு கூடை மணலும் பக்கத்தில் இருக்கட்டும். படுக்கப் போகுமுன் தணலை நீர் ஊற்றிக் கிளறி, கையால் தொட்டுப் பார்க்கும் அளவு ஆறிய பின்னரே நகர வேண்டும். மழைக்குப் பயந்தோ கொசுவிற்குப் பயந்தோ தணற் சட்டியை அறைக்குள் வைத்துக் கதவைச் சாத்துவது உயிருக்கே அபாயம். கரியிலிருந்து எழும் கார்பன் மோனாக்சைடு வாயுவுக்கு நிறமுமில்லை, மணமுமில்லை. தூங்குபவர் தூக்கத்திலேயே மாண்டு போவர்.

மலையடிவாரத் தோப்புக்காரர்கள் இன்னும் அதிக ஜாக்கிரதையாயிருக்க வேண்டும். நமக்கு மேற்கேயுள்ள காடு 2021 முதல் ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலைப் புலிகள் காப்பகமாகும். காப்புக் காட்டில் தீ மூட்டுவது குற்றம். 2018-ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் தேனி ஜில்லா குரங்கணி மலையிற் பற்றிய தீயில் இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். கோடைப் புல் எத்தனை விரைவில் பற்றும் என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டா. வரப்பில் முட்செடிகளைக் கொளுத்துவோரும் இதை மனத்திற் கொள்க.

கிராம அதிகாரிகளுக்கு

பஞ்சாயத்துத் தலைவர்களும் கிராம நிர்வாக அலுவலர்களும் இவ்விஷயத்தில் பெரிதும் உதவலாம். குடிநீர்க் குழாயில் மோட்டார் வைத்துத் தோட்டத்திற்கு நீர் இழுப்பதைத் தடுப்பது முதற் கடமை. மேட்டுத் தெருவில் குடம் நிரம்பாமைக்கு இதுவே காரணமாகிறது. தென்னை, மா, காய்கறி இவற்றிற்குச் சொட்டு நீர்ப் பாசனம் அமைக்கச் சிறு, குறு விவசாயிகளுக்கு முழு மானியமும் மற்றவர்களுக்கு நூற்றுக்கு 75 பங்கும் அரசாங்கத்தார் விதிகளுக்குட்பட்டு அளிக்கின்றனர். ஐந்து ஏக்கருக்கு மேற்படாத நிலமுள்ளோருக்கு வேண்டிய சான்றிதழும், சிட்டா, அடங்கல் நகல்களும் தாமதமின்றிக் கிடைத்தால், கோடைக்கு முன்பே குழாய்கள் நிலத்தில் இறங்கி விடும். தீ விபத்து நேர்ந்தால் அழைக்க வேண்டிய 101 என்னும் எண்ணைச் சாவடிச் சுவரில் எழுதி வைப்பதற்குச் செலவொன்றுமில்லை.

முதல் ஆண்டில் ஐந்து பானைகளுடன் தொடங்குவது போதுமானது. தை மாதத்திற்குள் பானைகளைப் புதைத்து, மாசியில் விதைத்து, பங்குனியில் மூடாக்கிட்டால், சித்திரை நிலவில் வீட்டுக் கத்தரிக்காயை வீட்டு முற்றத்திலேயே சுட்டு உண்ணலாம். பலன் கண்டவர்கள் அடுத்த வீட்டாருக்கும் எடுத்துக் கூறுவார்களாக.