மில்வில் போறதுக்கு முன்னாடி: பிரேக்ல முதல் காசு எதுக்கு?



டிராக் டே எபிசோடுக்கு அப்புறம் ஒரே கேள்வி பல வடிவத்துல வந்துச்சு. "என்கிட்ட சிவிக் இருக்கு, இந்த சம்மர்ல மில்வில் போகணும், எந்த பிக் பிரேக் கிட் வாங்கலாம்?" பதில் ரொம்பச் சின்னது: இப்போதைக்கு எந்தக் கிட்டும் வேண்டாம். முதல்ல நல்ல பிரேக் ஃப்ளூயிட், அடுத்து பேடு. சிவப்பு காலிப்பர் எல்லாம் கடைசி. ஏன் இந்த வரிசைன்னு ஆடியோவுல கணக்குப் போட்டுக் காட்ட முடியாது, அதனால இங்க எழுதறேன்.

புதுசா சேர்ந்தவங்களுக்கு ஒரு வார்த்தை. பிஸ்கட்டவேல இருந்து தெற்கே ஒன்றரை மணி நேரத்துக்கு மேல ஓட்டினா மில்வில். அங்க இருக்கிறது நியூ ஜெர்சி மோட்டார்ஸ்போர்ட்ஸ் பார்க், 2008ல திறந்தது. தண்டர்போல்ட், லைட்னிங்னு ரெண்டு டிராக், முதலாவது 2.25 மைல், மத்தது 1.9 மைல். ஒட்டியே மில்வில் ஏர்போர்ட். ரெண்டாம் உலகப் போர்ல பி-47 தண்டர்போல்ட் விமானிகள் பயிற்சி எடுத்த இடம் அது. (சென்னை ரேஸிங்குக்கும் இதே மாதிரி ஒரு கதை உண்டு. சோழவரத்துல பழைய விமான ஓடுதளத்துலதான் பல வருஷம் ரேஸ் நடந்துச்சு. இருங்காட்டுக்கோட்டைல தனி டிராக் வந்தது அதுக்கப்புறம்தான்.) டிராக் டேன்னா ரேஸ் இல்ல. உங்க சொந்தக் காரை எடுத்துட்டுப் போய், பெரும்பாலும் 20 நிமிஷம் 20 நிமிஷமா ஓட்டறது. கார் கிளப் நடத்துற நாளா இருந்தா, புதியவங்களுக்குப் பக்கத்துல ஒரு இன்ஸ்ட்ரக்டர் உட்காருவார்.

இப்ப விஷயத்துக்கு வருவோம். காரை நிறுத்துறது பிரேக்னு நினைக்கிறோம். ரோட்டைப் பிடிச்சு நிறுத்துறது டயர்தான். பிரேக்கோட வேலை, காரோட இயக்க ஆற்றலைச் சூடா மாத்தி, அந்தச் சூட்டைத் தாங்கி, காத்துல விட்டுடறது. லேப்டாப் பாஷைல சொன்னா ரோட்டர் ஒரு ஹீட் சிங்க். உங்க லேப்டாப் ரெண்டு நிமிஷம் வீடியோ ரெண்டர் பண்ணும்போது நல்லாத்தான் ஓடும். இருபது நிமிஷம் தொடர்ந்து பண்ணா சூடேறி வேகத்தைக் குறைச்சுக்கும். பிரேக்கும் அப்படித்தான். ஒரே வித்தியாசம், லேப்டாப் மெதுவானா ஒரு காபி குடிச்சுட்டு வரலாம். இங்க எதிர்ல சுவர் இருக்கு.

கணக்கைப் பாருங்க. உங்களையும் சேர்த்து கார் 1,400 கிலோன்னு வச்சுக்குவோம். ரோட்டுல 40 மைல் வேகத்துல இருந்து சிக்னல்ல நிக்கறீங்க. அந்த ஆற்றல்ல சுமார் 70 சதவீதம் முன் பிரேக்குக்குப் போகும். முன்னாடி ரோட்டர் ஒவ்வொண்ணும் 8 கிலோ இரும்புன்னா, ஒரு தடவை நிறுத்தும்போது அதோட சூடு ஏறக்குறைய 20 டிகிரி செல்சியஸ் ஏறும். அடுத்த சிக்னல் வர்றதுக்குள்ள அதுல நிறைய ஆறிடும். இப்ப தண்டர்போல்ட் டிராக். அரை மைலுக்கு மேல நீளமான நேர் பாதை, அது முடியற இடத்துல முதல் வளைவு. 115 மைல்ல வந்து 60க்குக் குறைக்கறீங்க. கார் முழுசா நிக்கக்கூட இல்ல, ஆனா ரோட்டர்ல சூடு சுமார் 118 டிகிரி ஏறியிருக்கும். ஆறு மடங்கு! வேகம் ரெட்டிப்பானா ஆற்றல் நாலு மடங்காகும்னு ஸ்கூல்ல படிச்சோமே, அதேதான். ரோட்டர் ஆறி முடிக்கறதுக்குள்ள அடுத்த வளைவு வந்துடும். ஒரு லேப்புக்கு ரெண்டு நிமிஷம்கூட ஆகாது, 20 நிமிஷத்துல பத்து லேப்புக்கு மேல. ரோட்டர் 500, 600 டிகிரிக்குப் போறதுல ஆச்சரியமே இல்ல.

டெக்ஸஸ்ல இருக்கிறவங்க ஆஸ்டின்ல சர்க்யூட் ஆஃப் தி அமெரிக்காஸ் போனா இன்னும் மோசம். அந்த நீளமான பின் பாதை முடிஞ்சு 12ஆம் வளைவுக்கு வரும்போது மில்வில்லை விட வேகமா இருப்பீங்க. பே ஏரியாக்காரங்களுக்கு லகுனா செக்கால ரெண்டாவது வளைவு. டிராக் மாறும், கணக்கு மாறாது.

சூடு தாங்க முடியாம பிரேக் கைவிடறது ரெண்டு விதம். ரெண்டையும் கால் வழியா பிரிச்சுத் தெரிஞ்சுக்க முடியும், தெரிஞ்சும் இருக்கணும். முதல் விதம், பெடல் கல்லு மாதிரி கெட்டியாத்தான் இருக்கும், எவ்வளவு அழுத்தினாலும் கார் மட்டும் நிக்காது. இது பேடு தோத்துப் போறது. ரோட்டு பேடுல இருக்கற பசை மாதிரியான பிசின் அளவுக்கு மேல சூடானா, உராய்வு விழுந்துடும். கொல்லிமலைல 70 கொண்டை ஊசி வளைவு இறங்கின வண்டிகிட்ட ஒரு தீஞ்ச வாசனை வருமே, அது. மலைல நல்ல டிரைவர் கியரைக் குறைச்சு, இன்ஜினாலயே வண்டியைப் பிடிச்சுப் பிடிச்சு இறக்குவார். இந்த வகை கொஞ்சம் கொஞ்சமா வரும், எச்சரிக்கை கொடுக்கும்.

ரெண்டாவது விதம்தான் பயங்கரம். பெடல் பஞ்சு மாதிரி ஆகி, தரை வரைக்கும் போயிடும். இது ஃப்ளூயிட் கொதிச்சது. நம்ம வீட்டுல 'பிரேக் ஆயில்'னு சொல்வாங்க, ஆனா அது எண்ணெய் இல்ல, பெரும்பாலும் கிளைக்கால் வகை திரவம். திரவத்தை அமுக்க முடியாது, அதனாலதான் கால் அழுத்தம் அப்படியே காலிப்பருக்குப் போகுது. கொதிச்சா ஆவி வரும், ஆவியை அமுக்கலாம். நீங்க அழுத்தற அழுத்தமெல்லாம் அந்தக் குமிழிங்களை நசுக்கறதுலயே செலவாயிடும். போன வளைவுல நல்லா இருந்த பெடல் இந்த வளைவுல இருக்காது.

இதுல இன்னொரு சிக்கல். இந்த ஃப்ளூயிட் காத்துல இருக்கற ஈரத்தை இழுத்துக்கும். டாட் 3 ஃப்ளூயிட்டுக்கு சட்டப்படி குறைஞ்சபட்ச கொதிநிலை புதுசுல 205 டிகிரி; 3.7 சதவீதம் தண்ணி கலந்தா 140. டாட் 4 ஆனா 230, 155. அதாவது மூணு வருஷமா மாத்தாத ஃப்ளூயிட்டோட, அப்பாவோட கேம்ரியைக் கேட்டு வாங்கிட்டுப் போறீங்கன்னா, தண்ணியோட கொதிநிலையை விடக் கொஞ்சம்தான் மேல நிக்கறீங்க. ரேஸுக்குன்னு வர்ற ஃப்ளூயிட் புதுசுல 300 டிகிரிக்கு மேல தாங்கும். ஒரு அரை லிட்டர் பாட்டில் ஏறக்குறைய 20, 25 டாலர். ரெண்டு பாட்டில் வாங்குங்க. ஓக் ட்ரீ ரோடுல ரெண்டு பேர் சாப்பிடற காசு. டிராக் டேக்கு நீங்க செலவழிக்கற பணத்துல உயிருக்கு இவ்வளவு நேரடியா சம்பந்தப்பட்டது வேற எதுவும் இல்லன்னு நான் நினைக்கிறேன். பழசை முழுசா வெளியேத்தி, நாலு சக்கரத்துலயும் காத்து இல்லாம பிளீட் பண்ணணும். டாட் 5 மட்டும் வாங்கிடாதீங்க. அது சிலிகான், மத்ததோட சேராது. டாட் 5.1 வேற, அது சேரும். பேரு வச்சவங்களைத்தான் கேட்கணும்.

அடுத்தது பேடு. இங்கதான் விளம்பரத்தைப் பார்த்து ஏமாற வாய்ப்பு அதிகம். பேடோட ஓரத்துல எஃப்எஃப், ஜிஜி மாதிரி ரெண்டு எழுத்து அச்சாகியிருக்கும். முதல் எழுத்து சூடில்லாதப்ப உராய்வு எவ்வளவு, ரெண்டாவது சூடானப்ப எவ்வளவு. எஃப்னா 0.35 முதல் 0.45, ஜின்னா 0.45 முதல் 0.55. நல்ல தகவல்தான், ஆனா அந்தச் சோதனையோட 'சூடு' ரோட்டுச் சூடு. 600 டிகிரில அந்தப் பேடு என்ன பண்ணும்னு அந்த எழுத்து சொல்லாது. அதுக்குத் தயாரிப்பாளர் வெளியிடற வெப்பநிலை வரைபடத்தைப் பாருங்க: எந்தச் சூட்டுல இருந்து எந்தச் சூடு வரைக்கும் கோடு மட்டமா இருக்குன்னு. உச்ச எண்ணை விட கோடு மட்டமா இருக்கறது முக்கியம். ஒவ்வொரு வளைவுலயும் பெடல் ஒரே மாதிரி பதில் சொல்லணும், அதுதான் வேணும்.

முழு டிராக் பேடு போட்டா எல்லாம் சரியாயிடுமான்னா, அதுவும் இல்ல. ஃபெரோடோ, ஹாக், கார்போடெக் மாதிரி கம்பெனிங்க எல்லாம் ரோட்டுக்கு ஒண்ணு, டிராக்குக்கு ஒண்ணு, நடுவுல ஒண்ணுன்னு வச்சிருக்காங்க. டிராக் பேடு ஆறி இருக்கும்போது கடி குறைவு, கத்தும், ரோட்டரைத் தின்னும், சக்கரமெல்லாம் கறுப்புத் தூள். மார்ச் மாசக் குளிர்ல காலைல டர்ன்பைக்ல முதல் பிரேக் அடிக்கும்போது அது உங்களுக்குப் பிடிக்காது. முதல் ரெண்டு மூணு டிராக் டேக்கு நடுவுல இருக்கற வகை போதும். வேகம் கூடினதும், நல்ல டயர் போட்டதும், தனியா ஒரு டிராக் செட் வாங்கி பேடாக்லயே மாத்திக்கலாம். பல கார்ல காலிப்பருக்கு ரெண்டு போல்ட்தான். ஜாக் ஸ்டாண்டும் டார்க் ரெஞ்சும் இருந்தா யாரும் கத்துக்கலாம்.

புதுப் பேடைப் போட்ட உடனே டிராக்ல இறங்காதீங்க. பேடு தன்னோட மெல்லிய படலத்தை ரோட்டர் மேல சமமாப் பூசணும். அதுக்குப் பேரு பெடிங். தயாரிப்பாளர் சொன்ன முறைல, காலியான ரோட்டுல, வேகத்துல இருந்து பல தடவை உறுதியா பிரேக் பிடிச்சு, முழுசா நிக்காம, அப்புறம் ஆற விடணும். 287ல பண்ணாதீங்க, ப்ளீஸ். இதைச் சரியாப் பண்ணாம, சூடான பேடை அழுத்தி ஒரே இடத்துல காரை நிறுத்தி வச்சா, அங்க மட்டும் படலம் திட்டாப் படியும். அப்புறம் பிரேக் பிடிச்சா ஸ்டியரிங் ஆடும். 'ரோட்டர் வளைஞ்சிடுச்சு'ன்னு மெக்கானிக் சொல்றதுல நிறைய இதுதான்.

ரோட்டர் பத்திச் சீக்கிரமா சொல்லிடறேன்: ஓட்டை போட்டது அழகுக்கு, டிராக்ல அந்த ஓட்டையில இருந்துதான் விரிசல் ஆரம்பிக்கும். சாதாரண, நடுவுல காத்து போற வெண்டட் ரோட்டர் வாங்குங்க, மலிவு, தேஞ்சா தூக்கிப் போடலாம். மேல மயிர் மாதிரி விரிசல் வரும். விரல் நகம் மாட்டினாலோ, ஓரம் வரைக்கும் போனாலோ உடனே மாத்துங்க.

அப்ப பெரிய கிட் எதுக்குன்னு கேட்பீங்க. உங்க ஸ்டாக் பிரேக்காலயே ஏபிஎஸ் வேலை செய்யற அளவுக்கு அழுத்த முடியுதுன்னா, டயரோட எல்லையைத் தொட்டாச்சு. அதுக்கு மேல ரெண்டாயிரம், மூவாயிரம் டாலர் கிட் போட்டாலும் ஒரு தடவை நிறுத்தற தூரம் குறையாது. கிடைக்கறது அதிக இரும்பு, அதாவது பெரிய ஹீட் சிங்க்; பத்தாவது லேப்லயும் முதல் லேப் மாதிரி பிடிக்கும். நல்ல ஃப்ளூயிட்டும் பேடும் போட்டு, அப்பவும் சூடு அடங்கலன்னா அதுக்கு அர்த்தம் இருக்கு. அதுக்கும் முன்னாடி, பம்பர்ல இருந்து ரோட்டர் நடுவுக்குக் காத்து கொண்டு வர்ற ஒரு குழாய் போட்டுப் பாருங்க. மியாட்டா மாதிரி லேசான கார்ல பெரிய கிட் வரைக்கும் நிறைய பேர் போறதே இல்ல.

எலெக்ட்ரிக் கார்க்காரங்களுக்குத் தனியா ஒரு பத்தி. மாடல் 3 கிட்டத்தட்ட 1,800 கிலோ; மேல போட்ட கணக்கை அந்த எடைக்குப் போட்டுப் பாருங்க. "ரீஜென் இருக்கே"ன்னா, 100 சதவீதம் சார்ஜ் ஏத்திட்டு வந்து முதல் செஷன்ல இறங்கும்போது பேட்டரில இடமே இல்ல, ரீஜென் குறைஞ்சிடும். அத்தனை சூடும் ரோட்டருக்குத்தான். இன்னொண்ணு, தினசரி ஓட்டத்துல ரீஜெனே எல்லா வேலையும் பாக்கறதால பேடு புதுசு மாதிரியே இருக்கும், யாரும் ஃப்ளூயிட்டைப் பத்தி யோசிக்கறதே இல்ல. பேடு தடிமனா இருக்கு, உள்ள ஃப்ளூயிட் பழசு. காலிப்பரோட ஸ்லைடு பின் துருப்பிடிச்சு இறுகியிருக்கான்னும் பாருங்க.

டிராக்ல இருக்கும்போது: பிரேக்கை லேசா ரொம்ப நேரம் பிடிச்சுட்டே வராதீங்க, உறுதியா, குறைஞ்ச நேரத்துக்குப் பிடிச்சு விடுங்க. நீளமா இழுத்தா ரோட்டர் ஆறவே நேரம் கிடைக்காது. பெடல் கொஞ்சம் நீளமாப் போற மாதிரி தோணினா, "இன்னும் ஒரு லேப்"னு நினைக்காம மெதுவா உள்ள வந்துடுங்க. தரை வரைக்கும் போயிடுச்சுன்னா, வேகவேகமா பம்ப் பண்ணுங்க, கியரைக் குறைங்க, வளைக்க முயற்சி பண்ணாம நேரா வெளிய இருக்கற புல்வெளிக்குப் போங்க. காரை வளைச்சுப் பிடிக்கப் பாக்கறப்பதான் உருளும். இதை முதல் நாள் இன்ஸ்ட்ரக்டர்கிட்ட வாய் விட்டுக் கேட்டு, அந்த டிராக்ல எந்த வளைவுக்கு எங்க இடம் இருக்குன்னு தெரிஞ்சுக்குங்க.

கடைசி லேப்பைப் பிரேக் தொடாம ஆற விடுங்க. பேடாக்ல நிறுத்தினதும் ஹேண்ட் பிரேக் போடாதீங்க. கியர்ல விட்டு, சக்கரத்துக்குக் கட்டை வைங்க. சாயங்காலம் கிளம்பறதுக்கு முன்னாடி பேடு தடிமனைப் பாருங்க. காலைல பாதி இருந்தது சாயங்காலம் கால்வாசி ஆகியிருக்கலாம், டிராக்ல ஒரே நாள்ல அவ்வளவு போகும். கால்வாசிக்கும் கீழன்னா பழைய ரோட்டு பேடை மாத்திட்டே வீட்டுக்கு ஓட்டுங்க. ஆகவே அந்தப் பழைய செட்டைக் காலைல டிக்கில போட மறக்காதீங்க.