பஞ்சமியின் பெஞ்சு

அமெரிக்காவில் வளரும் நம் குழந்தைகளிடம் ரூபி பிரிட்ஜஸ் யார் என்று கேட்டுப் பாருங்கள். பலர் உடனே சொல்லிவிடுவார்கள். 1960 நவம்பர் 14 அன்று நியூ ஆர்லியன்ஸ் நகரில், வெள்ளையர் மட்டுமே படித்துவந்த பள்ளிக்கு ஆறு வயதுக் கறுப்பினச் சிறுமி காவலர் துணையோடு சென்றாள். வெள்ளைக்காரப் பெற்றோர் தம் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு போய்விட்டார்கள். அந்த ஆண்டு முழுவதும் பார்பரா ஹென்றி என்ற ஆசிரியை அவள் ஒருத்திக்காகவே பாடம் நடத்தினார். இதையெல்லாம் இங்குள்ள பள்ளிகளில் சொல்லித் தருகிறார்கள். 'பஞ்சமி யார்?' என்று அடுத்துக் கேளுங்கள். குழந்தைகளுக்குத் தெரியாது, பெரியவர்களான நம்மில் பலருக்கும் தெரியாது.

எனக்குச் சொந்த ஊர் ஆரியங்கோடு. நெய்யாற்றின்கரைப் பக்கம், பாறசாலையைத் தாண்டினால் களியக்காவிளை, தமிழ்நாடு. 1956இல் எல்லை வகுத்தபோது விளவங்கோடு தமிழகத்தோடும் எங்கள் பகுதி கேரளத்தோடும் சேர்ந்தன. அதற்கு முன் எல்லாம் திருவிதாங்கூர்தான். அந்த வட்டாரத்தில் நடந்தது பஞ்சமியின் கதை.

வெங்ஙானூரில் 1863இல் பிறந்தவர் அய்யன்காளி. புலையர் குலத்தவர். அவருடைய மக்கள் பொதுச் சாலையில் நடக்கக்கூடாது என்றிருந்த காலத்தில், 1893இல் வில்வண்டி கட்டி அதே சாலையில் ஓட்டிச் சென்றார். 1907இல் சாது ஜன பரிபாலன சங்கத்தைத் தொடங்கினார். எல்லாப் பிள்ளைகளையும் பள்ளியில் சேர்க்கலாம் என்று அரசு ஆணை வந்தும் பள்ளிக் கதவுகள் திறக்கவில்லை. எங்கள் பிள்ளைகள் படிக்கக்கூடாதென்றால் உங்கள் வயலில் நாங்கள் இறங்கமாட்டோம் என்று உழவுத் தொழிலாளர்களைத் திரட்டி வேலையை நிறுத்தினார். 1914இல் பஞ்சமி என்ற சிறுமியைக் கையைப் பிடித்து ஊருட்டம்பலம் பள்ளிக்கு அழைத்துச் சென்று உட்கார வைத்தார். அவள் உட்கார்ந்ததைப் பொறுக்காதவர்கள் பள்ளிக்கே தீ வைத்தார்கள்.

ரூபிக்கு நாற்பத்தாறு ஆண்டுகள் மூத்த கதை இது. ஞாயிறுதோறும் நான் நடத்தும் தமிழ் வகுப்பில் இதைச் சொல்லி வருகிறேன். "பள்ளிக்கூடத்தையே எரித்தால் அவர்கள் பிள்ளைகள் எங்கே படிப்பார்கள்?" என்று ஒரு சிறுவன் கேட்டான். ஒதுக்குகிறவனும் தன் வீட்டைத்தான் கொளுத்திக்கொள்கிறான் என்பதை இதைவிட எளிதாக யார் சொல்லிவிட முடியும்?

"சின்னக் குழந்தைகளுக்குச் சாதி எதற்கு? தெரியாமலே வளரட்டுமே" என்று சில பெற்றோர் கேட்கிறார்கள். நல்ல எண்ணம்தான். ஆனால் குழந்தைகள் தெரியாமல் வளர்வதில்லை. தொலைபேசியில் நாம் "அவங்க என்ன ஆளுங்க?" என்று குரலைத் தாழ்த்திக் கேட்பது அவர்கள் காதில் விழுகிறது. யார் வீட்டில் சாப்பிடுகிறோம், யார் வீட்டில் 'இப்பதான் சாப்பிட்டோம்' என்கிறோம் என்பதையும் பார்க்கிறார்கள். நாம் வாய் திறக்காவிட்டால், நம் பழக்கம் அவர்களுக்குப் பாடம் நடத்திவிடும்.

எந்த வயதில் எதைச் சொல்வது? என் அனுபவத்தில் கண்டதைச் சொல்கிறேன். ஐந்தாறு வயதில் நியாயம் என்ற ஒன்று போதும். 'எனக்குக் குறைவாகக் கொடுத்தாய்' என்று சண்டை போடத் தெரிந்த குழந்தைக்கு, 'அவனுக்குக் குறைந்தால் அதையும் நீயே சொல்' என்று பழக்கலாம். ஏழெட்டு வயதில் பஞ்சமியின் கதையைச் சொல்லலாம். பத்து வயதுக்குப் பிறகு சாதி என்பதைப் பெயர் சொல்லியே விளக்கலாம். தீண்டாமையை ஒழித்த அரசியல் சட்டத்தின் 17ஆம் பிரிவையும் சொல்லலாம். 'அதெல்லாம் அந்தக் காலம்தானே?' என்று கேட்டால் மழுப்ப வேண்டாம். மதுரை மாவட்டம் உத்தப்புரத்தில் தலித் மக்களைப் பிரித்து நின்ற சுவரில் ஒரு பகுதி இடிக்கப்பட்டது 2008 மே மாதத்தில்தான்.

இரண்டு எச்சரிக்கைகள். 1968இல் அயோவாவில் ஜேன் எலியட் என்ற ஆசிரியை, கண்ணின் நிறத்தை வைத்து வகுப்பை இரண்டாகப் பிரித்து, ஒதுக்கப்படுவது எப்படியிருக்கும் என்று பிள்ளைகளுக்கு உணர்த்தினார். புகழ்பெற்ற பாடம்தான். ஆனாலும் வாரத்தில் இரண்டு மணி நேரம் பார்க்கும் குழந்தைகளிடம் அதைச் செய்து பார்க்கலாகாது. ஒரு குழந்தையை அவமானப்படுத்தித்தான் இன்னொன்றுக்குப் பாடம் சொல்ல வேண்டுமா? அடுத்தது, 'நீங்கள் என்ன சாதி?' என்று எந்தக் குழந்தையிடமும் கேட்கலாகாது. நம் வகுப்பிலேயே பஞ்சமியின் வழிவந்த பிள்ளை இருக்கலாம். அது தலைகுனியும்படி அல்ல, நிமிர்ந்து உட்காரும்படி கதை சொல்ல வேண்டும். அதனால்தான் தீ வைத்தவர்களோடு நிறுத்தாமல் அய்யன்காளியைப் பற்றி நிறையச் சொல்கிறேன். எழுதப் படிக்க வாய்ப்பே கிடைக்காத அந்த மனிதர், 1937இல் வெங்ஙானூருக்கு வந்த காந்தியடிகளிடம், தம் மக்களில் பத்துப் பேர் பி.ஏ. படித்துப் பார்க்க வேண்டும் என்றாராம்.

ஊருட்டம்பலம் பள்ளி இன்றும் நடக்கிறது. 2022இல் அதற்கு அய்யன்காளி, பஞ்சமி இருவர் பெயரையும் சூட்டினார்கள். அன்று தீயில் பாதி கருகிய பெஞ்சு ஒன்றையும் அங்கே காத்து வைத்திருக்கிறார்கள். கோடை விடுமுறையில் ஊருக்குப் போகிறவர்கள் பத்மநாபபுரம் அரண்மனையையும் கோவளம் கடற்கரையையும் பிள்ளைகளுக்குக் காட்டுவது வழக்கம். ஒரு காலைப் பொழுதை இந்தப் பெஞ்சுக்கும் ஒதுக்குங்கள். நாம் விளக்கம் சொல்லத் தொடங்குமுன் பிள்ளைகளே கேட்கத் தொடங்கிவிடுவார்கள்.