கிறுக்கட்டும், விடுங்கள்!

"செவரெல்லாம் கரியால கிறுக்கி வச்சிருக்கான். புத்தகத்துல ஒரு எழுத்து எழுதுடான்னா அழுவுறான்!" தோட்டத்துத் தாய்மார்கள் பலர் இப்படிக் குறைப்பட்டுக்கொள்வதைக் கேட்டிருக்கிறோம். சுவரில் கிறுக்குகிற பிள்ளை எழுதத் தொடங்கிவிட்டது என்பதே நமது கருத்து. பிரம்பை எடுப்பதற்கு முன், தாய்மார்களே, அந்தக் கிறுக்கலைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள்.

இரண்டு வயதில் கை போன போக்கில் கோடு இழுக்கும். மூன்று வயதுவாக்கில் கோடு வளைந்து வட்டமாகும். பிறகு அந்த வட்டத்துக்கு இரண்டு கண், கீழே இரண்டு கால். "யாருடா இது?" என்றால் "அம்மா" என்னும். கழுத்தில்லை, வயிறில்லை, ஆனாலும் அம்மாதான்! கோடு ஓர் ஆளைக் குறிக்கும் என்று பிள்ளை தானாகவே கண்டுகொண்டது. எழுத்தும் அதுதானே? 'அம்மா' என்று நாம் எழுதும் மூன்று எழுத்தில் அம்மாவின் முகச்சாடை எங்கே இருக்கிறது?

இது நாமாகச் சொல்வதல்ல. பிள்ளையின் சைகை, விளையாட்டு, படம் எல்லாமே எழுத்துக்கு முன்கதை என்று ரஷ்ய அறிஞர் வைகோட்ஸ்கி 1934-இல் இறப்பதற்கு முன்பே எழுதிவிட்டார். நியூசிலாந்தில் மாவோரிப் பிள்ளைகளுக்குப் பாடம் சொன்ன சில்வியா ஆஷ்டன்-வார்னர் என்ற ஆசிரியை ஒருபடி மேலே போனார். பாடப்புத்தகத்தில் வந்த வெள்ளைக்காரக் குடும்பத்துக் கதை அந்தப் பிள்ளைகளுக்கு ஒட்டவில்லை. "உனக்கு எந்தச் சொல் வேணும்?" என்று ஒவ்வொரு பிள்ளையையும் கேட்டு, அதை அட்டையில் எழுதிக் கையில் கொடுத்தார். அம்மா, அப்பா, பேய் என்று மனசுக்குள் கிடந்த சொற்கள் வெளியே வந்தன. அந்த அனுபவத்தை 1963-இல் நூலாகவும் வெளியிட்டார்.

நம் வீட்டில் செய்வதற்கு அட்டைகூட வேண்டாம். பழைய காலண்டர் தாளின் பின்பக்கம் போதும். பிள்ளை வரைந்து முடித்ததும், "இதுல என்ன நடக்குது?" என்று கேளுங்கள். "நாயி ஓடுது. பால் வாளி கொட்டிப்போச்சு. தாத்தா ஏசுனாரு" என்னும். அதை அப்படியே, பிள்ளை சொன்ன சொல்லிலேயே, படத்துக்குக் கீழே பெரிய எழுத்தில் எழுதுங்கள். 'ஓடுகிறது' என்று திருத்த வேண்டாம்; அதைப் பிறகு வாத்தியார் பார்த்துக்கொள்வார். விரலை வைத்து வாசித்துக் காட்டுங்கள். தன் வாய்ப்பேச்சு தாளில் உட்கார்ந்திருப்பதைப் பார்க்கும் பிள்ளை, இன்றோ நாளையோ பென்சிலைத் தானே பிடுங்கும். முதலில் தன் பேரை எழுதும், அப்புறம் 'வாளி'.

"யானை இப்படியா இருக்கும்?" என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். அன்றோடு யானையும் போகும், கதையும் போகும். கடையில் விற்கும் வர்ணம் தீட்டும் புத்தகத்தின் மேலும் நமக்குப் பெரிய மதிப்பில்லை. யாரோ வரைந்த படத்தைப் பற்றிப் பிள்ளை சொல்ல என்ன இருக்கிறது?

வர்ணத்துக்குக் காசு செலவழிக்கவும் தேவையில்லை. மஞ்சள் தண்ணீர், பாண்டான் இலைச் சாறு, அடுப்புக்கரி போதும். ரப்பர் இலையைத் தாளுக்கு அடியில் வைத்துப் பென்சிலைப் படுக்கப் போட்டுத் தேய்த்தால் நரம்பெல்லாம் மேலே வரும். மூன்று இலை ஒரே காம்பில் இருப்பதை அப்போதுதான் பிள்ளை கவனிக்கும், கேள்வியும் கேட்கும்.

"எங்களுக்கே எழுதத் தெரியாதே" என்று சில பெரியவர்கள் தயங்குவது நமக்குத் தெரியும். பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்டத்தில் பள்ளிக்கூடம் வேண்டும் என்று 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் சொன்னது. ஆனால் கங்காணியும் கிராணியும் வாத்தியாராக நின்ற கொட்டகைகளில் படித்தது கொஞ்சம், பாதியில் வேலைக்காட்டுக்குப் போனது அதிகம். சம்பள நாளில் கைநாட்டு வைத்தவர்களின் பேரப்பிள்ளைகள்தாம் இன்று முதலாம் ஆண்டில் பென்சிலைக் கண்டு மிரண்டு உட்காருகிறார்கள்.

எழுதத் தெரியாத பாட்டிக்குக் கோலம் தெரியும். புள்ளி வைத்து, வளைத்து, தொட்ட இடத்திலேயே கொண்டுவந்து முடிக்கும் கை அது. நம் எழுத்தின் வளைவுக்கும் அந்தக் கைப்பழக்கந்தான் வேண்டும். திண்ணைப் பள்ளியில் மணலில் விரலால்தான் எழுதினார்கள். தட்டில் மாவைப் பரப்பிப் பேத்தியின் விரலைப் பிடித்து முதலில் 'ட', 'ப' என்று நேர்கோட்டு எழுத்துகளையும் பிறகு வளைவுகளையும் போட வைக்கலாம். எப்படி எழுதுவது என்று அக்காவோ அண்ணனோ பக்கத்தில் உட்கார்ந்து சொல்லட்டும். படத்துக்குக் கீழே கதையை எழுதுவதையும் அவர்களிடமே விட்டுவிடுங்கள்.

விடியுமுன் வேலைக்குப் போய்க் களைத்துத் திரும்புகிறவர்களிடம் நாம் அதிகம் கேட்கவில்லை. ராத்திரி சோறு ஆனபின் பத்து நிமிஷம். பத்துப் பதினைந்து தாள் சேர்ந்ததும் ஊசி நூலால் ஓரத்தைத் தைத்து, மேலே பிள்ளையின் பெயரைப் போட்டால் அது ஒரு புத்தகம். தாத்தாவைப் பக்கத்தில் உட்கார வைத்துப் பிள்ளையை வாசிக்கச் சொல்லுங்கள். முதலில் மனப்பாடமாகத்தான் ஒப்பிக்கும். ஒப்பிக்கட்டும், தாத்தா ஏசிய இடம் வந்ததும் அவரே சிரிப்பார்.