காப்பிக்கு முன் ஒரு மாத்திரை

தில்லியிலோ கொல்கத்தாவிலோ முதல் குளிர்காலத்தைக் கழிக்கும் நம்மவருக்குக் குளிர் கடுமையாகத் தோன்றுவது இயல்பே. ஆயின், ஊரார் போர்வையை மடித்து வைத்த பின்னரும் ஒருவருக்கு மட்டும் குளிர்கிறது, உண்ணாமலே உடல் பருக்கிறது, தோல் வறள்கிறது, எந்நேரமும் அசதி. தண்ணீர் மாறியதன் விளைவு என்று நாம் எளிதில் கூறிவிடுகிறோம். கழுத்தின் முன்புறத்திலுள்ள தைராய்டு சுரப்பி தளர்ந்திருக்கவும் கூடும். அதனை இரத்தச் சோதனை காட்டிவிடும்.

1891 ஆம் ஆண்டில் இங்கிலாந்து மருத்துவர் ஜார்ஜ் மர்ரே, ஆட்டின் தைராய்டுச் சாற்றை 46 வயதான பெண்மணி ஒருவருக்கு ஊசி வழியே செலுத்தினார். அவர் தேறி, அம்மருந்தின் துணையால் மேலும் 28 ஆண்டுகள் வாழ்ந்தார். இன்று நாம் உண்ணும் லீவோதைராக்சின், சுரப்பி தரும் தைராக்சினையே ஒத்த செயற்கைப் பொருள்.

இம்மருந்து சுரப்பியைக் குணப்படுத்துவதில்லை. சுரப்பி தராததை நாள்தோறும் ஈடுசெய்கிறது. பெரும்பாலோர்க்கு இது வாழ்நாள் மருந்து. உடல் தேறியதும் நிறுத்திவிடுவோர் நம்மிடையே உண்டு. விடுமுறைக்கு ஊர் செல்கையில் புட்டியை மறப்போரும் உண்டு. உடலிலுள்ள தைராக்சின் பாதியாகக் குறைய ஏறத்தாழ 7 நாட்கள் ஆவதால், விட்டவுடன் ஒன்றும் தெரிவதில்லை. சில வாரங்களில் பழைய அசதி திரும்பும். அப்பொழுது ஊர்த் தண்ணீரைக் குறை கூறுவோம்!

நம்மவர்க்கே உரிய சங்கடம் காப்பி. வெறும் வயிற்றில் தண்ணீருடன் மாத்திரையை விழுங்கி, அரைமணி முதல் ஒருமணி நேரம் காத்திருத்தல் வேண்டும். காப்பி மருந்தை உடலில் சேரவொட்டாமல் குறைக்கிறது. டிகாக்‌ஷன் மணம் வீடெங்கும் பரவும் வேளையில் இது எளிதன்று என்பதை அறிவோம். இயலாதவர் மருத்துவரைக் கலந்து, இரவு உணவுக்கு 3 மணி நேரத்திற்குப் பின் உண்ணலாம். இரும்புச்சத்து, சுண்ணாம்புச்சத்து மாத்திரைகளுக்கு 4 மணி நேர இடைவெளி தேவை.

அளவு மைக்ரோகிராமில் குறிக்கப்படும். மிகுந்தால் நெஞ்சு படபடக்கும். நாளடைவில் எலும்பும் நலியும். அண்டை வீட்டாரின் அளவு நமக்கு ஆகாது. அளவை மாற்றினால் 6 முதல் 8 வாரங்களில் மீண்டும் சோதித்தல் நன்று.

இம்மருந்துண்ணும் பெண் கருவுற்றால் தேவை கூடும். தாய்வீடு சென்று பார்த்துக்கொள்ளலாம் என்று ஒத்திவையாமல், தெரிந்த அன்றே இருக்கும் ஊரிலேயே மருத்துவரிடம் சொல்ல வேண்டும். முதல் மாதங்களில் சிசுவின் மூளை தாயின் தைராக்சினைக் கொண்டே வளர்கிறது.