பதினாறுக்குப் பக்கத்தில் ஒன்று

கோயில் திருவிழா மலர், பள்ளி ஆண்டு மலர், நண்பர்கள் சேர்ந்து போடும் கவிதைத் தொகுப்பு என்று நடுவில் மடித்துப் பின் அடித்த சிறு புத்தகங்கள் இன்றும் அச்சாகிக்கொண்டேதான் இருக்கின்றன. கணினியில் ஒழுங்காக இருந்த பக்கங்கள் மடித்த பிறகு முன்பின்னாக மாறிப்போவதுதான் இவற்றில் வரும் பெரிய தொல்லை.

அப்படி ஒரு புத்தகத்தின் பின்னைக் கழற்றிப் பாருங்கள். 16 பக்க ஏ5 புத்தகம் என்பது நான்கே நான்கு ஏ4 தாள்கள். வெளித்தாளின் ஒரு புறத்தில் இடப்பக்கம் 16, வலப்பக்கம் 1. திருப்பினால் 2, 15. அடுத்த தாளில் 14, 3. அதன் பின்புறம் 4, 13. நடுத்தாளில்தான் 8-ம் 9-ம் சேர்ந்து நிற்கும். அருகருகே உள்ள எந்த இரண்டைக் கூட்டினாலும் 17 வரும். 24 பக்கப் புத்தகமானால் 25. அச்சுக்குப் போகுமுன் சரிபார்க்க இதைவிட எளிய வழி இல்லை.

தாளுக்கு நான்கு பக்கம் என்பதால் மொத்தம் நான்கின் மடங்காக இருக்க வேண்டும். 18 பக்கம் வந்தால் இரண்டைக் குறையுங்கள், அல்லது இரண்டைச் சேர்த்து 20 ஆக்குங்கள்.

இந்த வரிசையைத் தாங்களே கணக்குப் போட்டு லே-அவுட் செய்பவர்கள் உண்டு. அது வேண்டாம். மூன்றாம் பக்கத்தில் ஒரு பத்தி கூடினால் நான்காம் பக்கத்துக்கு வழிய வேண்டும். அந்தப் பக்கமோ தாளின் மறுபுறத்தில் வேறொன்றோடு ஒட்டிக்கொண்டிருக்கும். 1, 2, 3 என்று படிக்கும் வரிசையிலேயே வடிவமைத்துவிட்டு, இடம் மாற்றும் வேலையை மென்பொருளிடம் விடுங்கள். இன்டிசைனில் ‘பிரிண்ட் புக்லெட்’, பழைய பேஜ்மேக்கரில் ‘பில்ட் புக்லெட்’, லிப்ரெஆபீஸ் ரைட்டரில் ‘பிரோஷர்’ என்று இதற்கென்றே வசதி இருக்கிறது. வேறு எதில் செய்திருந்தாலும் பிடிஎஃப் ஆக்கி, அக்ரோபட் ரீடரின் ‘புக்லெட்’ தேர்வில் அச்சிடலாம்.

இருபுறமும் அச்சிடும்போது தாளைக் குறுகிய விளிம்பில் திருப்பும் தேர்வைக் கொடுக்க வேண்டும். நீண்ட விளிம்பைக் கொடுத்தால் பின்பக்கமெல்லாம் தலைகீழாகிவிடும். ஒரே ஒரு பிரதி எடுத்து, மடித்துப் புரட்டிப் பார்த்த பிறகே மற்றதை ஓட்டுங்கள்.

சட்டைப்பையில் வைக்கும் ஏ6 அளவானால் இன்னொரு சிக்கனமும் உண்டு. 16-ம் 1-ம் சேர்ந்த ஜோடியை நிமிர்ந்த ஏ4 தாளில் மேலும் கீழுமாக இரண்டு முறை வையுங்கள். பின்புறம் 2, 15 ஜோடியும் அப்படியே இரண்டு முறை. எல்லாத் தாள்களையும் வரிசை கலையாமல் அடுக்கி நடுவில் ஒரு வெட்டு வெட்டினால் இரண்டு முழுப் பிரதிகள். பக்கம் தேடிச் சேர்க்கும் வேலையே கிடையாது. ஆனால் இங்கே திருப்ப வேண்டியது நீண்ட விளிம்பில். ஏ5 பழக்கத்தில் குறுகிய விளிம்பையே கொடுப்பவர்கள் அதிகம்.

பக்கம் கூடக்கூட உள்தாள்கள் வெளியே துருத்தும். 80 ஜிஎஸ்எம் தாளின் தடிமன் ஏறத்தாழ 0.1 மில்லிமீட்டர், 64 பக்கத்துக்கு 16 தாள் என்றால் நடுத்தாள் ஒன்றரை மில்லிமீட்டர் வரை நீளும். ஆகவே பின் அடித்த பிறகே ஓர வெட்டு. வெட்டில் எழுத்தும் பக்க எண்ணும் போகாதபடி வெளி மார்ஜினைத் தாராளமாக விடுங்கள். அட்டை கனமாக இருந்தால் மடிக்குமுன் கிரீசிங் போடச் சொல்லுங்கள். போடாவிட்டால் மடிப்பில் மை வெடித்து வெள்ளைக்கோடு தெரியும்.