டைக்கோடீரா என்னும் கடற்புழு

கடல்வாழ் உயிர்களுட் பல நம் கண்ணுக்கு அகப்படுவதில்லை. அகப்படுவனவற்றுள்ளும் சில முழுமையாய் அகப்படுவதில்லை. அத்தகையது டைக்கோடீரா பிளாவா என்னும் புழு. நம் கல்லூரி உயிர்நூற் கூடத்தில் நண்பரொருவர் ஒரு கண்ணாடிக் குப்பியைக் காட்டினார். வெளிறிய துண்டுகள் மூன்று அதனுட் கிடந்தன. மூன்றும் ஒரே புழுவென்றும், மணலினின்று எடுக்கும்போதே அறுந்துவிட்டதென்றும் அவர் கூறினார். தமிழ் பயிலும் நாம் இத்துறையிற் புகுந்தது அத்துண்டுகளாலேயே.

இதன் உடல் மூன்று பகுதியாலாயது. முன்னே குறுகிய துதிக்கை. அதனை அடுத்துக் கழுத்திற் பூண்ட காறை போன்றதொரு வளையம். பின்னர் நீண்ட உடல். ஓக் மரத்தின் கொட்டை தன் கிண்ணத்திற் பொருந்தியிருப்பது போலத் துதிக்கை காறையிற் பொருந்தியிருத்தலின், மேனாட்டார் இவ்வினத்தை அக்கொட்டையின் பெயராலேயே அழைத்தனர். துதிக்கைக்கும் காறைக்கும் இடையே, கீழ்ப்புறத்தில் வாய் உளது. மேனியெங்கும் நுண்மயிரும் வழுவழுப்பும் உண்டு. இரைத்துகள்கள் அவ்வழுவழுப்பில் ஒட்டி வாயை அடைகின்றன. உடலின் இருமருங்கும் சிறகு போல் மடிந்த தசையினுள்ளே கருவுறுப்புக்கள் அமைந்துள்ளன. கண்ணில்லை, காதுமில்லை. தொல்காப்பியர் கண்டிருப்பின் இதனை நந்தோடு சேர்த்து ஈரறிவுயிராக வைத்திருப்பார் போலும்!

ஆயினும் தொண்டையிலேதான் வியப்பு உளது. மீனுக்குள்ளவை போன்ற செவுள் துளைகள் அங்கே வரிசையாக உள்ளன. வாய்வழிப் புகுந்த நீர் அவற்றின் வழியே வெளியேறும். புழுவுக்குச் செவுள் ஏன்? இவ்வினத்திற் செவுளுண்மையை 1866-இல் கோவலேவ்ஸ்கி என்னும் உருசிய அறிஞர் கண்டறிந்தார். துதிக்கையினுள் நீளும் சிறு தண்டினை முதுகுநாண் எனக் கொண்டு, பேட்சன் என்பார் 1885-இல் இவ்வகுப்பிற்கு அரைநாணிகள் என்று பெயரிட்டார். அத்தண்டு முதுகுநாணே என்பதை இன்று பெரும்பாலோர் ஒப்புவதில்லை. பெயர் மட்டும் நிலைத்துவிட்டது.

இதற்கு முன்னரும் பிழைகள் நேர்ந்தன. மார்ஷல் தீவுகளில் இதனைக் கண்டு 1825-இல் எழுதிய எஷ்ஷோல்ட்ஸ், கடலட்டை வகையென்றே எண்ணினார். இவ்வினத்தின் இளவுரு கடலில் மிதந்து திரிவது. அதனை முதலிற் கண்ட யோகான்னஸ் மூல்லர் உடுமீனின் குஞ்சென்றார். இவ்விரண்டினையும் கேட்டு நகைப்பது எளிது. ஆனால் கடலட்டையும் உடுமீனும் முள்தோலிகள் என்னும் ஒரே குலத்தன. அக்குலமே இப்புழுவின் மிக நெருங்கிய சுற்றமென்று இன்றைய ஆய்வுகள் துணிகின்றன. 2015-இல் இதன் மரபணுத் தொகுதி முழுவதும் வெளியிடப்பட்டபோது, செவுளை ஆக்கும் மரபணுக்கள் சில முதுகெலும்புடைய உயிர்களிற்போலவே அடுத்தடுத்து நிற்றலும் புலனாயிற்று. ஆகவே பிழைத்தவர் மூவரும் ஒவ்வோர் உண்மையைத் தொட்டே பிழைத்தனர்.

ஹவாய் முதலிய இடங்களிலும் இப்புழு உண்டு. நம் நாட்டிலோ, பாம்பனை அடுத்த குருசடைத் தீவு இதற்குப் பேர்பெற்ற இடம். மணலுள் மறைந்து வாழ்தலானும், தொட்டால் அறுதலானும் காண்டல் அரிது. 1986-இல் அப்பகுதி கடற் பூங்காவாக்கப்பட்டமையின் இசைவின்றி எதனையும் எடுத்தலாகாது.

அறுதல் இதற்கு இறுதியுமன்று. தலைப்பகுதியை இழந்த உடல், சில வாரங்களிற் புதிய துதிக்கையும் காறையும் வாயும் வளர்த்துக்கொள்ளும். குப்பியிற் கிடந்த நடுத்துண்டு சாராயத்திற் புகாது கடலிலே விடப்பட்டிருப்பின், தனக்கொரு தலையை ஆக்கிக்கொண்டிருக்கவும் கூடும்.