மழலையர் நூல் தேர்வு: சாத்தூர் – சிவகாசி வட்டாரத்தை முன்வைத்து

பிறந்த சில மாதங்களிலிருந்து, தானே எழுத்துக்கூட்டிப் படிக்கத் தொடங்கும் ஆறேழு வயது வரையுள்ள பிள்ளைகளுக்கு, அவர்கள் விரும்பிப் பார்க்கவும் கேட்கவும் கூடிய நூல்களைத் தெரிந்தெடுப்பது மழலையர் நூல் தேர்வு எனப்படும். பள்ளிப் பாடநூலைத் தெரிந்தெடுப்பதிலிருந்து இது அடிப்படையிலேயே வேறுபட்டது. பாடநூலின் பயனைத் தேர்வில் அளக்கலாம். மழலையர் நூலுக்கு ஒரே அளவுகோல்தான் உண்டு. கடைசிப் பக்கம் முடிந்ததும் பிள்ளை முதல் பக்கத்தைப் புரட்டி, "இன்னொரு தடவை" என்று கேட்கிறதா என்பதே அது.

விருதுநகர் மாவட்டத்தில் இந்தப் பொருளுக்குத் தனி அழுத்தம் உண்டு. தீப்பெட்டிக்கும் பட்டாசுக்கும் லேபிள் அச்சிடுவதில் வளர்ந்த சிவகாசி அச்சுத்தொழில், பிறகு நாட்காட்டி, டைரி, நோட்டுப்புத்தகம், பள்ளிச் சுவர் அட்டைகள், குழந்தைகளுக்கான படப்புத்தகங்கள் என விரிந்தது. நாடெங்கும் உள்ள பிள்ளைகள் பார்க்கும் வண்ணப் பக்கங்களில் ஒரு பகுதி இந்த ஊர் ஆப்செட் எந்திரங்களில் ஓடியவை. ஆனால் சிவகாசியிலும் அதை அடுத்துள்ள சாத்தூரிலும் ஒரு ஸ்டேஷனரிக் கடையில் சின்னப் பிள்ளைக்குப் புத்தகம் கேட்டால், பெரும்பாலும் எடுத்துத் தருவது அரிச்சுவடி, ஆங்கில எழுத்துப் புத்தகம், பழங்களின் படம், விலங்குகளின் படம், வாகனங்களின் படம் ஆகியவையே. இவை பயனற்றவை என்று சொல்ல முடியாது. ஒரு வயதுப் பிள்ளை மாம்பழத்தைத் தொட்டுக் காட்டிப் பெயர் சொல்வதில் மகிழ்ச்சி இருக்கிறது. ஆனால் அவற்றில் யாருக்கும் எதுவும் நடப்பதில்லை. நாய் ஓடிப்போய்த் தொலைவதில்லை, யாரும் தேடுவதில்லை. கதை இல்லாத புத்தகத்தை மட்டுமே பார்த்து வளரும் பிள்ளைக்குப் புத்தகம் என்றாலே "இது என்ன சொல்லு" என்று கேட்கும் ஒரு பொருளாகிவிடுகிறது.

யார் மடியில் பிள்ளை உட்காருகிறது?

நூல் தேர்வு பற்றிய அறிவுரைகளில் பெரும்பாலானவை, வீட்டில் தடையின்றி வாசிக்கத் தெரிந்த பெரியவர் ஒருவர் இருப்பதாக எடுத்துக்கொள்கின்றன. தீப்பெட்டி – பட்டாசு வட்டாரத்தில் அப்படி எடுத்துக்கொள்ள முடியாது. அதற்குக் காரணம் இந்த வட்டாரத்தின் வரலாறு.

1920-களில் ஐய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்று வந்து சிவகாசியில் தொடங்கினர். மழை பொய்க்கும் கரிசல் மண்ணில் அது பல குடும்பங்களுக்குச் சோறு போட்டது. தொழில் பரவியபோது தீக்குச்சி அடுக்குவதும் பெட்டி ஒட்டுவதும் சிறுவர் சிறுமியர் கைகளுக்குப் போயின. விடியுமுன் கிராமங்களுக்கு வந்த ஆலைப் பேருந்துகள் அவர்களை ஏற்றிச் சென்றன. 'குட்டி ஜப்பான்' என்று புகழப்பட்ட ஊரின் இந்த மறுபக்கத்தைச் சலம் பென்னூர்க்கரின் 'குட்டி ஜப்பானின் குழந்தைகள்' (1990) என்ற ஆவணப்படம் பதிவு செய்தது. குழந்தைத் தொழிலாளர் தடைச் சட்டம் 1986-இல் வந்தது. சிவகாசியை மையமாகக் கொண்ட எம்.சி. மேத்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 டிசம்பர் 10 அன்று தீர்ப்பளித்தது. சட்டத்துக்குப் புறம்பாக வேலைக்கு வைக்கப்பட்ட ஒவ்வொரு குழந்தைக்கும் அந்த முதலாளி 20,000 ரூபாயை மறுவாழ்வு நிதியில் செலுத்த வேண்டும் என்பது அதன் ஒரு பகுதி.

அன்று குச்சி அடுக்கிய பிள்ளைகளில் பலர் இன்று தாத்தா பாட்டிகள். மகனும் மருமகளும் பட்டாசு ஆலைக்கோ அச்சகத்துக்கோ போயிருக்கும் பகல் நேரத்தில் பேரப்பிள்ளை இருப்பது அவர்களிடம்தான். ஆகவே இங்கே முதலில் பார்க்க வேண்டியது, நூலைக் கையில் எடுக்கும் பெரியவர் எழுத்தை நம்பாமலே அதைப் பிள்ளைக்குக் காட்ட முடியுமா என்பதாகும்.

இதற்கு மிகப் பொருத்தமானவை சொற்களே இல்லாத படக்கதைகளும், பக்கத்துக்கு ஓரிரு சொற்கள் மட்டும் உள்ளவையும் ஆகும். வாசிக்கத் தெரியாத பாட்டிக்குக் கதை சொல்லத் தெரியாமல் இருப்பதில்லை. நல்ல படக்கதை அவருக்கு அடியெடுத்துக் கொடுக்கிறது. மீதியை அவர் பார்த்துக்கொள்கிறார். ஒரே புத்தகம் காலையில் ஒரு கதையாகவும் மாலையில் வேறொன்றாகவும் ஆவதைப் பிள்ளை குறையாக நினைப்பதில்லை. இரண்டரை வயதுக்கு மேல், "நேத்து இப்படிச் சொல்லலையே" என்று திருத்தத் தொடங்குவதும் உண்டு. அது கதை மனதில் பதிந்துவிட்டதன் அடையாளம்.

கைக்கும் கண்ணுக்கும் ஏற்றது

பிறந்த குழந்தைக்கு ஏறத்தாழ 20 முதல் 30 செ.மீ. தொலைவிலுள்ளது மட்டுமே ஓரளவு தெளிவாகத் தெரியும். கறுப்பு வெள்ளை போன்ற அழுத்தமான வேறுபாடுதான் அதன் கண்ணை ஈர்க்கும். எனவே முதல் சில மாதங்களுக்குப் பக்கத்துக்கு ஒரே உருவமுள்ள, பின்னணி வெறுமையாக உள்ள படங்கள் போதும். ஆறு மாதத்தில் புத்தகம் வாய்க்குப் போகிறது. அது குறும்பு அன்று, அந்த வயதின் ஆராய்ச்சி முறை. அதனால் தடித்த அட்டைப் பக்கங்கள், உரியாத லேமினேஷன், வளைத்து வெட்டிய முனைகள் ஆகியவற்றைப் பார்த்து வாங்க வேண்டும். நடுவில் கம்பிப் பின் அடித்த மெல்லிய புத்தகத்தை இந்த வயதில் பிள்ளையின் கையில் தனியே விடக் கூடாது. பின் கழன்றால் அது நேரே வாய்க்குத்தான் போகும். விலை குறைவான புத்தகங்களில் பெரும்பாலானவை பின் அடித்தவையே என்பதால், அவற்றைப் பெரியவர் கையில் வைத்துக்கொண்டு காட்டலாம்.

ஒன்று முதல் இரண்டு வயது வரை தொட்டுப் பார்க்கவும், மடிப்பைத் திறந்து பார்க்கவும், ஓட்டையில் விரல் விடவும் இடம் தரும் புத்தகங்கள் ஓயாத விளையாட்டாகின்றன. எரிக் கார்ல் 1969-இல் வெளியிட்ட, பசி தீராத கம்பளிப்புழுவின் கதை உலகெங்கும் விற்றதற்குப் புழு தின்ற இடத்தில் உண்மையாகவே ஓட்டை இருந்தது முக்கியக் காரணம். பக்கத்தில் ஓட்டை போடுவதும் பக்கங்களை வெவ்வேறு அளவில் வெட்டுவதும் அன்று அமெரிக்காவில் கட்டுப்படியாகாததால் முதல் பதிப்பு ஜப்பானில் அச்சானது. வாழ்த்து அட்டையையும் பெட்டி அட்டையையும் விதவிதமாக வெட்டிப் பழகிய சிவகாசிக்கு இந்தத் தொழில்நுட்பம் புதிதில்லை. தமிழில் இத்தகைய புத்தகங்கள் குறைவாக இருப்பதற்கு எந்திரம் காரணமாக இருக்க முடியாது. எழுதவும் வரையவும் வைக்கும் பதிப்பாளர் குறைவு என்பதுதான் காரணம்.

பட்டாசு வேலைக்குப் போய் வருபவர்களின் கையிலும் உடையிலும் அலுமினியப் பொடியும் மருந்தும் ஒட்டியிருக்கலாம். குளித்து உடை மாற்றிய பிறகே பிள்ளையையும் புத்தகத்தையும் தொடுவது நல்லது.

பேச்சுத் தமிழும் புத்தகத் தமிழும்

தமிழ் மழலையர் நூல்களின் தனிச் சிக்கல் இது. பிள்ளை வீட்டில் கேட்பது "நாய் வந்துச்சு, பாலைக் குடிச்சிருச்சு" என்பது. புத்தகத்தில் இருப்பது "நாய் வந்தது, பாலைக் குடித்துவிட்டது" என்பது. மூன்று வயதுப் பிள்ளைக்கு இரண்டாவது கிட்டத்தட்ட வேறொரு மொழி. வாசித்துக் காட்டுபவர் முதலில் பேச்சு வழக்கில் சொல்லிவிட்டு, கதை பழகிய பிறகு எழுதியுள்ளபடியே வாசிப்பது நல்ல வழி. அப்போது "வந்தது" என்பது வந்துச்சுதான் என்று பிள்ளை தானாகவே பிடித்துக்கொள்ளும். பள்ளியில் அந்த நடையைச் சந்திக்கும்போது மிரளாது. கதைமாந்தர் பேசும் இடங்களையாவது பேச்சுத் தமிழில் தரும் நூல்களுக்கு முன்னுரிமை தரலாம். கி. ராஜநாராயணன் (1923–2021) சாத்தூருக்குத் தெற்கே, கோவில்பட்டியை அடுத்த இடைசெவலில் இருந்துகொண்டு கரிசல் வட்டாரச் சொற்களுக்கு அகராதியும் நாட்டுப்புறக் கதைத் தொகுப்புகளும் தந்தவர். அந்தப் பேச்சு எழுத்துக்குத் தகாதது என்ற கூச்சம் இந்த மண்ணில் எவருக்கும் வேண்டியதில்லை.

பிள்ளை தானே வாசிக்கத் தொடங்கும்போது வேறொரு சிக்கல் வருகிறது. 247 எழுத்துகளில் எளிதில் பழகுபவை அகர வரிசையும் புள்ளி வைத்தவையும். மரம், படம், பழம், கடல் போன்ற சொற்களை முதல் மாதங்களிலேயே வாசிக்கலாம். கொ, கோ, கௌ போன்றவற்றில் மெய்யின் இருபுறமும் குறி நிற்பதால் கண் முன்னும் பின்னும் போய்வர வேண்டியிருக்கிறது. ஓடிக்கொண்டிருந்தபோது, பார்க்கவேண்டுமென்று போன்ற நீண்ட சொற்களில், சொல்லின் முடிவுக்கு வருவதற்குள் தொடக்கம் மறந்துபோகும். ஆகவே முதல் வாசகருக்கான புத்தகத்தை வாங்குமுன் நடுவில் ஒரு பக்கத்தைத் திறந்து பார்ப்பது நல்லது. எழுத்து பெரியதாக இருக்க வேண்டும். வரிகளுக்கிடையே இடைவெளி வேண்டும். ஒரு வாக்கியம் ஒரு வரியைத் தாண்டக் கூடாது. நீண்ட சொற்கள் பிரித்து எழுதப்பட்டிருக்க வேண்டும். அந்தப் பக்கத்தில் பிள்ளை ஐந்து சொற்களுக்கு மேல் தடுமாறினால், அந்தப் புத்தகம் இப்போதைக்குப் பெரியவர் வாசித்துக் காட்ட வேண்டியது.

படத்திலுள்ள பொருள்கள் எல்லாம் பிள்ளைக்குத் தெரிந்தவையாக இருக்க வேண்டும் என்பதில்லை. பனிக்கரடியைப் பார்க்காத பிள்ளையும் பனிக்கரடிக் கதையை விரும்பும். ஆனால் எல்லாப் புத்தகங்களிலும் பனியும் ஆப்பிளும் மட்டுமே இருந்தால், தன் வீடும் தெருவும் புத்தகத்துக்குள் வராதவை என்ற எண்ணம் மெல்லப் படிந்துவிடும். பருத்திக்காடு, வெள்ளாடு, மயில், வைப்பாற்று மணல், இருக்கன்குடிக்கு ஆடி வெள்ளியில் நடந்து போகும் கூட்டம் போன்றவை படமாக வரும் புத்தகம் ஒன்றிரண்டாவது பிள்ளையின் கையில் இருக்க வேண்டும். அப்படி ஒன்று கிடைக்காவிட்டால், சிவகாசியின் பழைய நாட்காட்டிப் படங்களை வெட்டி நோட்டில் ஒட்டி வீட்டிலேயே செய்துகொள்ளலாம். ஒரு வயதுப் பிள்ளையின் முதல் புத்தகமாக இருக்க அதற்கு எல்லாத் தகுதியும் உண்டு.

கடைசிப் பக்கத்தில் நீதியைத் தனியே அச்சிடும் வழக்கம் தமிழில் இன்னும் மறையவில்லை. கதை நன்றாக இருந்தால் அந்த வரியை வாசிக்காமல் விட்டுவிடலாம். பிள்ளைக்கு இழப்பு ஒன்றுமில்லை.

கிடைக்கும் இடங்கள்

ஒரு காலத்தில் சோவியத் நாட்டின் முன்னேற்றப் பதிப்பகமும் ராதுகா பதிப்பகமும் தமிழிலேயே வெளியிட்ட பெரிய வண்ணப் படப்புத்தகங்கள் நியூ செஞ்சுரி புக் ஹவுஸ் வழியாகச் சிற்றூர்களுக்கும் மிகக் குறைந்த விலையில் வந்தன. 1991-இல் சோவியத் ஒன்றியம் கலைந்ததோடு அந்த வரத்து நின்றது. இன்று குறைந்த விலைக்கு நேஷனல் புக் டிரஸ்டின் நேரு பால புத்தகாலய வரிசை உள்ளது. சென்னைத் துளிகா பதிப்பகம் தமிழிலும், தமிழ் – ஆங்கிலம் இரண்டும் சேர்ந்த பதிப்பாகவும் படநூல்களை வெளியிடுகிறது. வீட்டில் ஒருவருக்குத் தமிழும் மற்றவருக்கு ஆங்கிலமும் வாசிக்க எளிதென்றால் இவை உதவும். பாரதி புத்தகாலயத்தின் சிறுவர் பிரிவும் வானம் பதிப்பகமும் புதிய எழுத்தாளர்களைக் கொண்டுவருகின்றன. 'ஆதனின் பொம்மை' நூலுக்காக 2023-இல் சாகித்திய அகாதெமியின் பால சாகித்திய புரஸ்கார் பெற்ற உதயசங்கர் பக்கத்து ஊரான கோவில்பட்டிக்காரர். அந்த நூல் மழலையருக்கு உரியதன்று, வளர்ந்த சிறாருக்கானது.

தமிழ்நாடு பள்ளிக் கல்வித் துறை 2023-இல் தொடங்கிய வாசிப்பு இயக்கம், சிறு நூல்களை 'நுழை, நட, ஓடு, பற' என நான்கு படிகளாகப் பிரித்து அரசுப் பள்ளிகளுக்கு அளித்தது. வகுப்பை வைத்துப் பிரிக்காமல் வாசிக்கும் திறனை வைத்துப் பிரித்தது இதன் சிறப்பு. ஐந்தாம் வகுப்பில் இருந்துகொண்டு 'நுழை' நூலை எடுக்கும் பிள்ளைக்கு அதில் தலைகுனிவு இருக்கக் கூடாது. பிரதம் புக்ஸ் 2015-இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்ப் படக்கதைகளைப் பணமின்றி வாசிக்கலாம், அச்சிட்டும் கொள்ளலாம். இரண்டு வயதுக்குக் கீழ் உள்ளவர்களுக்கு அலைபேசித் திரையில் காட்டுவதைவிட அச்சிட்டுத் தைத்துக் கொடுப்பது மேல். அச்சகங்கள் நிறைந்த வட்டாரத்தில் அது கடினமான வேலையும் இல்லை.

வாங்க இயலாதவர்களுக்குப் பொது நூலகம் உண்டு. இந்தியாவின் முதல் பொது நூலகச் சட்டங்களில் ஒன்று 1948-இல் சென்னை மாகாணத்தில் வந்தது. கிளை நூலகங்கள் அதன் வழி வந்தவை. சின்னப் பிள்ளை கிழித்துவிடும் என்ற அச்சத்தில் படநூல்களைப் பூட்டி வைக்கும் நூலகமும் உண்டு, இழுத்துப் பார்க்கட்டும் என்று தரையோடு அடுக்கி வைக்கும் நூலகமும் உண்டு. 2023 ஜூலையில் மதுரையில் திறக்கப்பட்ட கலைஞர் நூற்றாண்டு நூலகத்தில் குழந்தைகளுக்கென்றே தனிப் பகுதி அமைந்திருக்கிறது. சாத்தூரிலிருந்து விடுமுறை நாளில் போய்வரும் தொலைவுதான்.

ஆறேழு வயதைத் தாண்டி, படத்திலிருந்து எழுத்துக்கு மாறத் தயங்கும் பிள்ளைகளுக்குச் சித்திரக்கதை நல்ல பாலம். இதற்குச் சிவகாசிக்கே ஒரு மரபு உண்டு. 1972-இல் 'இரும்புக்கை மாயாவி'யுடன் தொடங்கிய முத்து காமிக்ஸும் 1984-இல் வந்த லயன் காமிக்ஸும் இந்த ஊரிலிருந்தே வெளியாகின்றன. அவற்றில் துப்பாக்கியும் சண்டையும் உள்ள கதைகள் பத்து வயதுக்கு மேற்பட்டோருக்கே பொருந்தும் என்பதால், எந்த இதழ் எந்த வயதுக்கு என்று பெரியவர் ஒருமுறை புரட்டிப் பார்த்துக் கொடுக்க வேண்டும். கொடுத்த பிறகு, பள்ளிப் புத்தகத்துக்குள் மறைத்து வைத்து வாசிப்பதைக் கண்டுபிடித்தாலும் பிடுங்காமல் இருப்பது நல்லது.